அளவுகோலும் அளக்கப்படுவோரும்: இணைய அடிமைநிலை வினாக்கொத்து ஒன்று பற்றிய திறனாய்வு

கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் என்பனவே திறனாய்வுக்குரிய பொருள்கள் என்றதோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. எனினும் மனிதரைப் பற்றிப் பேசும் எந்தவோர் எழுத்தும் தனக்கென ஒரு மனிதனைக் கற்பித்துக் கொள்கின்றது. அவ்வகையில் ஒரு வினாக்கொத்தும் ஒரு பனுவலேயாகும். அது யாரை நோக்கி வினவுகின்றது, எத்தகைய வீட்டையும் எத்தகைய உறவுகளையும் இயல்பானவையெனக் கொள்கின்றது என்பன நாவலொன்றினை நோக்குமாறே நோக்கத்தக்கவை. பல்கலைக்கழக மாணவரின் உளநலம் பற்றிய ஆய்வுகளிற் பெரிதும் கையாளப்படும் ‘இணைய அடிமைநிலைச் சோதனை’யினை அவ்வாறு வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முயற்சிக்குக் காரணமான நிகழ்ச்சியினை முதலிற் கூறிவிடுதல் முறையாகும். முதலாம் ஆண்டில் உளநலப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் எமக்கு ஒரு தாள் தரப்பட்டது. இருபது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. நான் பெற்றது 63. ‘மத்திம அடிமைநிலை’ என்று கூறி, கைபேசியை இரவில் அணைத்துவைக்குமாறு அறிவுறுத்தினர். அறிவுரை நல்லெண்ணத்துடன் கூறப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த 63 எதனால் ஆனது என எவரும் வினவவில்லை. கேகாலை மாவட்டத்தில் தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்த எனக்கு, அவ்வெண் நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது.

முதலில் இவ்வளவுகோலின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கலாம். 1995இல் நியூயோர்க்கைச் சேர்ந்த உளமருத்துவர் ஐவன் கோல்ட்பேர்க் என்பவர், நோய்களைப் பட்டியலிடும் கையேடுகளின் நடையினை எள்ளி நகையாடும் பொருட்டு, ‘இணைய அடிமை நோய்’ என்றொரு நோயினைக் கற்பனையாகப் படைத்து அதற்கு அறிகுறிகளையும் எழுதினார். அடுத்த ஆண்டே உளவியலாளர் கிம்பர்லி யங் அதனை மெய்யான பிரச்சினையாக முன்வைத்தார். சூதாட்ட நோய்க்கென வகுக்கப்பட்டிருந்த அளவைகளைத் தழுவி அவர் முதலில் எட்டு வினாக்களை அமைத்தார். பின்னர் 1998இல் இருபது வினாக்கள் கொண்ட சோதனையினை வெளியிட்டார். நகைச்சுவையாகப் பிறந்த கருத்தொன்று மூன்றாண்டுகளில் அளவுகோலாக வளர்ந்த விந்தையினை இலக்கிய மாணவர் சுவைக்கலாம். எனினும் பிறப்பு நகைப்புக்குரியது என்பதனால் மட்டும் ஒரு கருத்து பொய்யாகிவிடாது என்பதனையும் கூறியாக வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவையும் கருதத்தக்கன. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் இணைய விளையாட்டுச் சீர்கேடு மாத்திரமே, அதுவும் மேலும் ஆராயப்பட வேண்டியவற்றின் வரிசையில் இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைப்படுத்திய பதினொராம் நோய் வகைப்பாட்டிலும் விளையாட்டுச் சீர்கேடே நோயாகக் கொள்ளப்பட்டது. பொதுப்பட ‘இணைய அடிமைநிலை’ என்றொரு நோய் அங்கில்லை. யங் அவர்களும் தமது புள்ளி வரிசையில் 50 முதல் 79 வரை பெறுவோரை இணையத்தால் அவ்வப்போது அல்லது அடிக்கடி இடர்ப்படுவோர் என்றே குறித்தார். மத்திமம், கடுமை என்னும் பெயர்ப்பலகைகள் பின்னர் மாட்டப்பட்டவை. நோய்ப்பட்டியலில் இல்லாத நோயொன்றின் மத்திம நிலையில் நான் இருந்தேன் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இனி வினாக்களுக்கு வருவோம். இரண்டாம் வினா, இணையத்தில் நேரம் கழிப்பதற்காக வீட்டு வேலைகளைப் புறக்கணிக்கின்றீரா என்கின்றது. மூன்றாம் வினா, வாழ்க்கைத் துணையுடனான நெருக்கத்திலும் பார்க்க இணையத்தின் கிளர்ச்சியினை விரும்புகின்றீரா என்கின்றது. எட்டாவது வினா தொழிலிற் குறைபாடு பற்றியது. இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, வினாக்கொத்து கற்பித்துக்கொண்ட மனிதனின் உருவம் தெளிவாகத் தெரிகின்றது. அவனுக்கு ஒரு வீடு உண்டு. வீட்டில் கணினி வைப்பதற்கோர் அறை உண்டு. அடுத்த அறையில் மனைவியோ கணவனோ காத்திருப்பர். காலையிற் செல்ல அலுவலகமும் உண்டு. இணையம் அவனை அவ்வுறவுகளிடமிருந்து பிரித்தெடுக்கும் அந்நியப் பொருள். 1990களின் அமெரிக்க நடுத்தர வர்க்கக் குடும்பமே இப்பனுவலின் களம் எனலாம்.

இக்களத்தினைச் சப்பிரகமுவாவின் தோட்டங்களுக்குப் பெயர்த்து நோக்குக. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத் தமிழர், நுவரெலியாவில் உள்ளவரைப்போற் செறிந்து வாழ்பவரல்லர். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எனச் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள்போற் சிதறிக் கிடப்பவர். இங்கிருந்து பல்கலைக்கழகம் செல்வோர் மிகச் சிலர். “இரத்தினபுரியிலும் தமிழர் இருக்கின்றார்களா?” என்று சக தமிழ் மாணவரே வியப்புடன் வினவியதனை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விடுதி அறையில் எம்மைப் பிறரிடமிருந்து பிரித்தது கைபேசியன்று. அது வருமுன்னரே பிரிவு அங்கிருந்தது. எனது ஊர்ப்பேச்சினை நகையாடாத குரல் கைபேசிக்குள்ளிருந்துதான் வந்தது.

ஏழாம் வினாவினை எடுத்துக்கொள்வோம். செய்யவேண்டிய வேறு வேலைக்கு முன்னர் மின்னஞ்சலைப் பார்க்கின்றீரா என்பது அதன் பொருள். எமது பட்டறையில் மின்னஞ்சல் ‘கைபேசிச் செய்தி’ ஆகியிருந்தது. நான் ‘எப்போதும்’ என 5 இட்டேன். காரணம் யாதெனில், எனது தாயார் பால்வெட்டுபவர். விடியற்காலையில் மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும், பால்வெட்டு நின்றுவிடும், அன்றைய பேர் விழாது. பேர் விழாத நாள்கள் கூடிய மாதத்தில் எனக்கு அனுப்பும் பணம் குறையும். ஆதலால் மழைக்காலையில் அவரது அழைப்பு முன்னதாகவே வரும். “என்னா புள்ள, சாப்பிட்டியா? இங்க மழை, இன்னைக்கும் பேரு இல்ல” என்பார். அவ்வளவுதான். அதனைக் கேட்ட பின்னரே அன்றைக்கு உணவுச்சாலையில் எதனை உண்பது, எதனைத் தவிர்ப்பது என்பதனை நான் முடிவு செய்வேன். இவ்வழைப்புக்காகக் கைபேசியை நோக்கும் செயலும், யாரோ ஒருவரின் புகைப்படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தனர் என எண்ணும் செயலும் வினாத்தாளில் ஒரே 5 ஆகின்றன.

பதினான்காம் வினா நித்திரை இழப்புப் பற்றியது. 2016 மே மாதத்தில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயங்களின்மீது மண் சரிந்தமையும், அதே நாளில் அரநாயக்கவில் மலையே இறங்கியமையும் எமது மாவட்டத்தார் மறக்கவியலாதவை. அப்போது நான் பாடசாலைச் சிறுமி. அன்று தொடக்கம் இரவில் அடைமழை என்றால் எமது லயத்தில் எவரும் முழுமையாகத் துயில்வதில்லை. பல்கலைக்கழகம் வந்தபின் அக்காவல் எனது கைபேசிக்கு மாறிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையினை நள்ளிரவிலும் பார்த்து, தெரணியகலையின் பெயர் எந்த நிறத்தில் உள்ளது எனத் தேடுவது எனது வழக்கம். நித்திரை இழந்தேன் என்பது மெய். இணையத்தினால் இழந்தேன் என்பதே விவாதத்துக்குரியது.

வினாத்தாளின் வேறொரு நுட்பமும் குறிப்பிடத்தக்கது. 0 என்பதற்குப் ‘பொருந்தாது’ என்று பொருள். துணையில்லாதவன் மூன்றாம் வினாவுக்கு 0 இடுவான். தொழிலில்லாதவன் எட்டாம் வினாவுக்கு 0 இடுவான். கைபேசியே இல்லாத எனது பாட்டியார் இருபதுக்கும் 0 பெற்று, இவ்வளவுகோலின்படி பூரண நலமுடையவராகின்றார். பொருந்தாமையும் நலமும் ஒரே எண்ணால் குறிக்கப்படும்போது, இல்லாமை ஆரோக்கியமாகத் தோற்றம் கொள்கின்றது. வறியோர் வாழ்வினை ‘எளிய வாழ்வு’ எனப் புகழும் பழைய கதைகளின் குரலை நான் இங்கும் கேட்கிறேன்.

இவையெல்லாம் ஒருத்தியின் தனி அனுபவங்கள், விதிவிலக்குகள் என்று ஒருவர் கூறக்கூடும். ஆதலின் அளவுகோலின் உள்ளமைப்பினையே நோக்குதல் வேண்டும். பத்தாவது வினா, வாழ்க்கை பற்றிய துன்ப நினைவுகளை மறைக்க இணையத்தின் இதமான நினைவுகளை நாடுகின்றீரா என்கின்றது. இருபதாவது வினா, இணையத்தை விட்டிருக்கும்போது மனச்சோர்வும் பதற்றமும் தோன்றி, மீண்டும் இணைந்ததும் நீங்குகின்றனவா என்கின்றது. இவ்விரண்டும் மனத்துயர் பற்றிய வினாக்களேயன்றோ? ஆய்வாளர் பலர் இச்சோதனையுடன், லொவிபொண்ட் இருவர் 1995இல் அமைத்த மனச்சோர்வு, பதகளிப்பு, நெருக்கீடு ஆகியவற்றுக்கான 21 வினா அளவுகோலினையோ அதையொத்த பிறிதொன்றையோ அதே மாணவரிடம் அதே வேளையில் வழங்கி, இரண்டுக்கும் இணைபு உண்டு எனக் கண்டு, இணையம் உளநலத்தைக் கெடுக்கின்றது என முடிவு கூறும் போக்கு மிகுந்துள்ளது. ஒரு கூடையிலும் மாங்காய், மறு கூடையிலும் சில மாங்காய் வைத்துவிட்டு, இரு கூடைகளிலும் ஒரே மணம் வீசுகின்றதே என வியப்பது போன்றது இது. பத்தாவது வினாவோ இன்னும் ஒரு படி மேலே சென்று, துன்ப நினைவு முன்னரே உண்டு என்பதனைத் தானே ஒப்புக்கொள்கின்றது. எது முன், எது பின் என்பதனை ஒரே நாளில் நிரப்பப்படும் தாள் கூறவியலாது.

காலந்தோறும் தொடர்ந்து நோக்கிய ஆய்வுகள் வேறு கதையினைச் சொல்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து றொபேட் க்ரவுட்டும் உடனாய்வாளரும் பிட்ஸ்பேர்க் நகரின் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரை, இணையம் வீட்டுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகள் நோக்கினர். இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியோரிடம் குடும்ப உரையாடல் குறைந்து தனிமையும் மனச்சோர்வும் சற்றுக் கூடின என 1998இல் அறிவித்தனர். உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட முடிவு அது. ஆனால் அதே குழுவினர் அம்மக்களையே மீண்டும் நோக்கி 2002இல் வெளியிட்ட கட்டுரை அத்துணை மேற்கோள் காட்டப்படுவதில்லை. முன்னைய தீய விளைவுகளிற் பெரும்பாலானவை மறைந்துவிட்டன என்பதே அதன் செய்தி. உறவுகளும் நண்பரும் உடையோர்க்கு இணையம் மேலும் நன்மை செய்ததனையும், ஒதுங்கிய இயல்பினர்க்கும் துணை குறைந்தோர்க்கும் அவ்வாறு அமையாததனையும் அவர்கள் கண்டனர். 2019இல் ஏமி ஓர்பனும் அன்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளை ஆராய்ந்து, நலனில் காணப்படும் வேறுபாட்டில் மிகக்கூடியது 0.4 வீதத்தினையே எண்ணியல் கருவிகளின் பயன்பாடு விளக்குகின்றது என்றனர். சராசரி அத்துணைச் சிறியதெனினும், சராசரியினுள் மூழ்கிப்போகும் தனியாள் ஒருவர் இருக்கலாம். அந்தத் தனியாளைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

சொல்லொன்றைப் பற்றியும் இங்கு நின்று பேசவேண்டியுள்ளது. ஆங்கிலேயர் இந்நிலையைக் குறிக்க வழங்கும் சொல் இலத்தீன் மொழியினின்று வந்தது. உரோமச் சட்டத்தில், கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது கடன் கொடுத்தோனிடம் நீதிமன்றத்தால் ஒப்படைக்கப்பட்டவனையே அதன் மூலச்சொல் குறித்தது. தமிழில் நாம் அதனை ‘அடிமை’ என்றோம். பிற பகுதிகளில் இது வெறும் மொழிபெயர்ப்பாக இருக்கலாம். தோட்டத்துக்கு அச்சொல் வேறு. எமது முன்னோர் கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனால் தோட்டத்தோடு கட்டுண்டவர். கடனைத் தீர்ப்பவருக்கு ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இருந்தாலன்றி வேறு தோட்டம் செல்லவியலாது. சென்றாலும் கடன் ஆளைத் தொடர்ந்தே சென்றது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அடிமைப்பட்டவன் ஏன் அடிமைப்பட்டான் என்ற வினாவுக்கு அவனது மனத்தளர்ச்சியினை எவரும் விடையாகக் கூறியிருந்தால் நாம் சினங்கொள்வோம். கடனையும் துண்டையும் துரையையும் சுட்டுவோம். இணைய அடிமைநிலை பற்றிப் பேசுகையில் மாத்திரம் நாம் மாணவனின் மனத்தை மட்டுமே துருவுவதேன்?

கடன் கொடுத்தோன் இங்கும் உளன். விரலால் தள்ளத்தள்ள முடிவின்றி நீளும் பக்கத்தினை 2006இல் வடிவமைத்தவர் அசா றஸ்கின். அதனால் விளைந்தது கண்டு பின்னர் வருந்திப் பேசியவரும் அவரே. எப்போது இரை விழும் என அறியாத புறா, ஒழுங்காக இரை பெறும் புறாவினும் விடாது கொத்திக்கொண்டிருக்கும் என்பதனை ஸ்கின்னர் பல்லாண்டுகளுக்கு முன்னரே ஆய்வுகூடத்திற் காட்டினார். இவ்விதியினை அறிந்தே கைபேசிச் செயலிகள் அமைக்கப்படுகின்றன. பயனாளரின் நேரம் விளம்பரதாரருக்கு விற்கப்படுகின்றது. இருபது வினாக்களில் ஒன்றேனும் இவ்வியாபாரம் பற்றியதன்று. தென் கொரிய அரசு 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குப்பின் இணைய விளையாட்டில் ஈடுபடுவதனைச் சட்டத்தால் தடுத்து, பத்தாண்டுகளின் பின் அச்சட்டத்தினைத் தானே கைவிட்டது. விளையாடுபவனைத் தடுத்தல் எளிது என்றெண்ணியோருக்கு அதுவும் எளிதாக அமையவில்லை.

இலங்கையிலும் தடைகளை நாம் கண்டுள்ளோம். 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின்போதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. வதந்தியைத் தடுக்கவே அது செய்யப்பட்டது என்பர். அக்காரணத்தினை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்நாள்களில் தொலைவிலிருந்த உறவினருக்காக மக்கள் பட்ட தவிப்பினை, இருபதாவது வினா ‘விலகியிருக்கும்போது தோன்றும் பதற்றம்’ என்றே பதிந்துகொள்ளும்.

இத்தனையும் கூறியபின், 63இல் எனக்குரிய பங்கினை நான் மறைத்தல் நேர்மையாகாது. ஒருநாள் அத்தாளை மீண்டும் எடுத்து, தாயாருக்கும் மழைக்கும், வட்சப் குழுக்களில் மாத்திரமே பகிரப்படும் விரிவுரைக் குறிப்புகளுக்கும் உரிய புள்ளிகளைக் கழித்துப் பார்த்தேன். 31 எஞ்சியது. அந்த 31 என்னுடையது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு இரண்டு மணி வரை குறுங்காணொளிகளைப் பார்த்திருந்து, பார்த்தவற்றில் ஒன்றேனும் மறுநாள் நினைவில் நில்லாத வெறுமையினை நான் அறிவேன். குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் எனது அக்கா ‘இமோ’வில் அழைத்தபோது, வேறொரு காணொளியின் சுவையில் அழைப்பினை எடுக்காது விட்டதும் உண்டு. அவருக்கு அழைக்கக் கிடைப்பது எசமானி உறங்கிய பின்னரான அரை மணி நேரமே. இதனை எந்த வினாவும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு 5 போதாது.

இனி அந்தத் தனியாள். பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த தோழி ஒருத்தி, இரவு முழுதும் கைபேசியோடு கிடந்து பகலில் விரிவுரைக்கு வராதொழிந்தாள். ‘போன் பைத்தியம்’ என்பது விடுதியில் அவளுக்கு வழங்கிய பெயர். மேற்கூறிய தாளில் அவள் பெற்றது 80க்கு மேல். நெருங்கிக் கேட்டபோது அவள் சொன்ன வரிசை வேறாக இருந்தது. ஆங்கிலமொழி மூல விரிவுரைகள் விளங்கவில்லை. விளங்காத பாடத்தினைத் தமிழில் யாரேனும் விளக்கியுள்ளனரா என யூடியூப்பில் முதலில் தேடினாள். முதல் மாதம் முழுவதும் அவள் பார்த்தது அதுவே. தேடியது கிடைக்கவில்லை; கிடைத்தவை வேறு பல. விரிவுரையில் வாய்மூடி அமர்ந்திருப்பதிலும் அறையில் அவற்றைப் பார்த்திருப்பது இலேசாக இருந்தது. கைபேசி அவளை விழுங்கியது உண்மை. ஆனால் அவள் அதன் வாயருகே வந்து நின்றமைக்கு ஒரு மொழிப் பிரச்சினையும், அவளது உயர்தர வகுப்பும் காரணங்கள். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபின் அவள் உயர்தரத்தின் பெரும்பகுதியினைத் தோட்டத்தின் மலையுச்சிக் கல்லில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில் அமர்ந்து, அண்ணனின் கைபேசியிற் கற்றவள். அன்று அதே கைபேசியினை விடாது பற்றியிருந்தமைக்காக ஊர் அவளைக் கெட்டிக்காரி என்றது.

இரண்டு பாடங்களில் அவள் சித்தியடையவில்லை. விடுமுறையிற் சென்றபோது, தாளின் முடிவினை அறிந்த அண்ணன் கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். தங்கை மீதுள்ள அன்பினால்தான் அவன் அதனைச் செய்தான். மீள்பரீட்சைக்கான விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வகுப்பின் வட்சப் குழுவில் வந்தது. வேறெங்கும் வந்ததாக எமக்குத் தெரியாது. இறுதி நாள் கடந்த ஒரு கிழமைக்குப் பின்னரே, அயல்வீட்டாரின் தொலைபேசியில் நான் அவளைப் பிடித்தேன். சிறிது நேரம் எதிர்முனையில் பேச்சில்லை. பின்னர், “அப்ப அடுத்த வருசந்தானே அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

இவ்வாண்டு அவள் மீண்டும் வந்துள்ளாள். கையில் பொத்தான் வைத்த சிறிய கைபேசி. அழைப்புக்கு மாத்திரமே உதவுவது. மாலையில் நூலகத்து நடையில் என்னிடம் வந்து, எனது கைபேசியை வாங்கி, குழுவிலுள்ள அறிவித்தல்களை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொள்கின்றாள். பத்து நிமிடம் ஆகும். திருப்பித் தரும்போது, அம்மாவிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்று உள்ளது என்றும் சொல்லிவிட்டுப் போவாள்.